ஆடிக் கூழும் ஒரு சவ்வும்

தாட்சாயிணி: ஐயோ அத்தே, அதத் தொடாதீங்க!

நாகம்மா: தொடலமா... எட்டிப் பாத்தேன். கள்ளிக்குப்பத்துலேர்ந்து எஸ்டேட்ல உன் லேப் வரைக்கும் கூழ் தூக்கினு வந்தா, வந்ததும் அதட்றியே! இன்னாது இது, அப்பளம் கணக்கா கீது?

தாட்சாயிணி: போன வாரம் கிழிஞ்ச சவ்வு. புதுசு உள்ள இருக்கு, ரெண்டு தகடுக்கு நடுவுல. இந்தப் பக்கம் ஹைட்ரஜன், அந்தப் பக்கம் காத்து... அதுலதான் கரண்ட் வருது.

நாகம்மா: பொகையே காணோம்?

தாட்சாயிணி: பொகை கிடையாது. தண்ணி மட்டும் சொட்டும்.

நாகம்மா: தண்ணியா! அப்ப நம்ம தெருவுக்கு ஒண்ணு குடு. லாரிக்கு நிக்க வாணாம்.

தாட்சாயிணி: ஒரு டம்ளர் கூட தேறாது அத்தே...

நாகம்மா: சரி, அது ஏன் கிழிஞ்சுது?

தாட்சாயிணி: சூட்டுல ஈரம் காஞ்சிடுச்சு. இந்த வாட்டி பிளாஸ்டிக்கோட, கண்ணுக்கே தெரியாத மணல் தூள் கலந்திருக்கேன். அது ஈரத்த விடாது. சாயந்திரச் சங்கு ஊதற வரைக்கும் அந்தக் கரண்ட்லயே இந்தக் குட்டி ஃபேன் சுத்தணும். நின்னா... எங்க டைரக்டர் இந்த ஆராய்ச்சியையே மூடிடுவாரு.

நாகம்மா: அதான் கோயிலுக்கு வரலியா! ஊரே கேட்டுச்சு. மருமகளுக்குக் காய்ச்சல்னு சொல்லிட்டேன்.

தாட்சாயிணி: அம்மன் முன்னாடியே பொய்யா?

நாகம்மா: அம்மனா கேட்டா? பக்கத்து ஊட்டு கஸ்தூரி கேட்டா. ஏய்... ஃபேன் இன்னா தள்ளாடுது?

தாட்சாயிணி: ஐயய்யோ...

நாகம்மா: நிக்கப் போவுதுடி!

தாட்சாயிணி: இருங்க, இருங்க... குழாய்ல தண்ணி அடைச்சிருக்கு. இதத் தொறந்து விட்டா...

நாகம்மா: அம்மா தாயே...

தாட்சாயிணி: தண்ணி வெளிய வருது பாருங்க...

நாகம்மா: சுத்துது! பழையபடி சுத்துதுடி! ஏய்... சங்கு ஊதுது, கேக்குதா?

தாட்சாயிணி: தாங்கிடுச்சு அத்தே! சவ்வு தாங்கிடுச்சு!

நாகம்மா: உடுடி, உடு... கூழ் கொட்டப் போவுது! ஐய, இன்னாத்துக்கு இப்ப அழுவுற?

தாட்சாயிணி: ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே... டைரக்டர் போன வாரமே மூடறேன்னாரு. மாமியார் படுத்த படுக்கையா இருக்காங்க, அதான் வேலை கெட்டுப்போச்சுன்னு சொல்லி... ஒரு வாரம் தவணை வாங்கினேன்.

நாகம்மா: தெரியும். அந்த மனுசன் செவ்வாக்கெழம நம்ம ஊட்டுக்கே வந்துட்டாரு. வாசல்ல நின்னு, "உங்க அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு"ன்னு உம் புருசனக் கேட்டாரு. அவன் திருதிருன்னு முழிக்கறான். நான் உள்ள பாயப் போட்டு படுத்துகினு, அவரு தெருமுனை தாண்டற வரைக்கும் முனகினு கெடந்தேன்!