மாப்பிள்ளைக்கு நான் கொடுத்த நற்சான்று

போனில் நான் எப்போதுமே சுருக்கமாகத்தான் பேசுவேன், சார். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக மேற்பார்வையாளன். எவன் கூப்பிட்டாலும் லிஃப்ட் நின்றுவிட்டது என்றுதான் கூப்பிடுவான். அவனிடம் என்ன குசலம் விசாரிப்பது?

என் தங்கை வீட்டுக்காரர் எங்களிடம் மெக்கானிக். சேர்த்துவிட்டதே நான்தான். ஒருநாள் ஒரு லிஃப்ட் கம்பி அறுந்து விழுந்து, உள்ளே இருந்த பெரியவர் இறந்துபோனார். தேய்ந்த கம்பியைக் கவனிக்காமல் விட்டதாக மாப்பிள்ளைக்கு இரண்டு வருடம் ஜெயில். வக்கீல் வைத்தது நான். மாப்பிள்ளையின் தாயில்லாத மகளை என் வீட்டுக்கு அழைத்துவந்து வளர்த்ததும் நான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. உறவு என்று இருந்து இதற்குக்கூட உதவாவிட்டால் எப்படி?

வெளியே வந்ததும் வேலை தேடினார். விண்ணப்பத்தில் 'தண்டனை பெற்றதுண்டா' என்று ஒரு கட்டம் இருக்குமே, அதில் 'உண்டு' என்று எழுதுவார். ஊரில் பாதிப் பேருக்கு அந்தக் கட்டம் மட்டும் கண்ணுக்குத் தெரியாது; இவர் தனித்தாளில் விளக்கமும் எழுதுவார். பழைய கம்பெனியில் விசாரிக்க ஒரு பெயர் கேட்பார்கள். அங்கே என் பெயர்.

"உங்களைவிட என்னைத் தெரிஞ்சவங்க யாரு மச்சான்?" என்பார்.

நியாயம்தான். அவர்கள் கூப்பிடுவார்கள். நல்லவர், நேரத்துக்கு வருவார் என்பேன். ஒரு பொய் சொன்னதில்லை. "நம்பிச் சேர்க்கலாமா?" என்று கேட்கும்போது மட்டும் கொஞ்சம் நிறுத்துவேன். ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கிற நேரம். பிறகு, "அது உங்க இஷ்டம் சார்," என்பேன். இப்படி ஒன்பது கம்பெனி.

ஒவ்வொரு முறையும் மாப்பிள்ளை மகளைப் பார்க்க வருவார். "வேலை கிடைச்சதும் இவளைக் கூட்டிட்டுப் போயிடறேன் மச்சான்."

"என்ன அவசரம் மாப்பிள்ளை? இதுவும் அவ வீடுதானே."

அவர் கண் கலங்கும். எனக்கும் கலங்கும். அடுத்த நேர்காணலுக்கு என் சட்டைகளில் நல்லதாக ஒன்றை எடுத்துக் கொடுத்து அனுப்புவேன்.

பத்தாவது கம்பெனி அம்மாள் வேறு ரகம். நான் நிறுத்தினேன்; அவரும் நிறுத்தினார். மறுநாள் நேரிலேயே வந்து, ஆள் வேலையை எப்படிச் செய்வார் என்று பார்க்க வேண்டும், அவர் எழுதிய சோதனைப் புத்தகத்தைக் கொடுங்கள் என்றார். அதில் தாளுக்குத் தாள் எண் உண்டு. நாற்பத்தொன்றை அடுத்து நாற்பத்துமூன்று இருந்தது. கோர்ட்டுக்குப் போனது, தாள் எண் விழாமல் நான் எடுத்துக் கொடுத்த நகல். இந்தப் புத்தகத்தை அங்கே யாரும் கேட்கவில்லை. ஒரு மெக்கானிக்கைச் சேர்க்க இவ்வளவு மெனக்கெட்டு, போலீஸில் உங்களிடம் வரை வருவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நாற்பத்திரண்டாம் தாள் என் வீட்டு பீரோவில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். 'கம்பி தேய்ந்துவிட்டது, லிஃப்டை உடனே நிறுத்தவும்' என்று முத்து முத்தாக எழுதியிருப்பார். கட்டடத்துக்காரர் ஒப்பந்தம் புதுப்பிக்கிற வாரம் அது. ஒரு வாரம் தள்ளலாம் என்று நான்தான் கிழித்து வைத்தேன். கம்பி நான்கே நாள் தாங்கியது. "எழுதின ஞாபகம் இருக்கே மச்சான்," என்றார் மாப்பிள்ளை. "ஒரு நாளைக்கு எட்டுக் கட்டடம், எதை எங்க எழுதினீங்களோ," என்றேன். யோசித்துவிட்டு, "இருக்கும்," என்றார். வேலை கிடைத்தால் மனிதனுக்குத் தலை நிமிரும், பழசைக் கிளறுவான். வேலை தேடுகிறவனுக்கு அதற்கு நேரம் ஏது? அவருடைய நிம்மதியையும் நான் பார்க்க வேண்டியிருந்தது.

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டினீர்களே என்கிறாள் என் மனைவி. ஆட்டியதையும் சேர்த்துத்தானே பார்க்க வேண்டும்?

எனக்கும் தண்டனை உண்டு, தெரியும். வெளியே வந்து நானும் அந்தக் கட்டத்தில் 'உண்டு' என்று எழுதி வேலை தேட வேண்டும். விசாரிக்க மாப்பிள்ளையின் பெயரைக் கொடுத்துக்கொள்கிறேன். நான் அவருக்குச் செய்திருப்பதற்கு, என்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லமாட்டாரா?