கோச் கேட்ட மன்னிப்பு

— அதனாலதான் ஓடெல், நேர்லயே வந்து மன்னிப்புக் கேக்கறேன். நேர்மையா சொல்றேன், இருபது வருஷமா மனசுல உறுத்திக்கிட்டே இருந்துச்சு.

— எதுக்குன்னு உங்க வாயால சொல்லுங்க கோச். ஐஸ் டீயைக் குடிச்சுக்கிட்டே சொல்லுங்க, ஐஸ் கரையுது.

— உனக்குத் தெரியாததா?

— எனக்குத் தெரியும். உங்களுக்கு ஞாபகம் இருக்கான்னு பாக்கறேன்.

— அந்த பஸ் டிக்கெட்.

— எங்க அம்மா சாவுக்கு மிசிசிப்பி போறதுக்கு. சனிக்கிழமையானா ஸ்டேடியமே என் பேரைச் சொல்லிக் கத்தும். என் நம்பர் போட்ட சட்டையை காலேஜ் கடையில வித்தாங்க. அந்தச் சட்டை வாங்கக்கூட என்கிட்ட காசு கிடையாது. நீங்கதான் டிக்கெட் எடுத்துக் குடுத்தீங்க. யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னீங்க.

— அன்னைக்குச் சட்டம் அப்படி, காலேஜுக்கு ஆடறவன் யார்கிட்டயும் எதுவும் வாங்கக் கூடாது. புட்பால் ஆடற பையனுக்கு ஒரு பர்கர் வாங்கிக் குடுத்தாக்கூடக் குத்தம்.

— தெரிஞ்சுதானே குடுத்தீங்க? ஆட்டத்துல என் முட்டி உடையற வரைக்கும் அது குத்தமாத் தெரியல. உடைஞ்ச மறுவாரம் நீங்களே காலேஜ்ல போய் எழுதிக் குடுத்தீங்க, ஓடெல் கை நீட்டி டிக்கெட் காசு வாங்கினான்னு. ஸ்காலர்ஷிப் போச்சு, படிப்பு போச்சு, ஆஸ்பத்திரிச் செலவு என் தலையில. என் இடத்துக்கு முட்டி நல்லா இருக்கற ஒருத்தன் வந்துட்டான்.

— மேல இருந்து நெருக்கினாங்க ஓடெல். நேர்மையா சொல்றேன்...

— அந்த வார்த்தையை மட்டும் விட்டுடுங்க.

— சரி. தப்புதான். உன்னை நடுத்தெருவுல விட்டுட்டேன். போதுமா?

— இப்ப உங்க டீமுக்கு என் பையன் ஜமாரியக் கேட்டு வந்திருக்கீங்க. அதே மைதானம், அதே கோச். நான் ஓசியில முட்டியை உடைச்சுக்கிட்டேன். அவன் சம்பளம் வாங்கிட்டு உடைச்சுக்கணும்.

— காலம் மாறிடுச்சுப்பா. ஆடற பசங்களுக்கு இப்ப காலேஜே தருது. அவன் வாங்கப்போறதை, நீ அந்தக் கறிக்கோழி ஃபேக்டரியில ஆயுசு முழுக்க வெட்டினாலும் பாக்க முடியாது.

— குத்திக் காட்டுறீங்க. ஆனா உண்மைதான். சரி கோச், நீங்களாவது வாசப்படி ஏறி வந்தீங்க. அந்த காலேஜ்லேர்ந்து வேற ஒருத்தனும் எட்டிப் பாக்கல. என் வயித்தெரிச்சல் பாதி அடங்கிடுச்சு. அவன் உங்ககிட்டயே ஆடட்டும்.

— ரொம்ப சந்தோஷம். அப்படியே ஜமாரிக்கு ஒரு போனைப் போட்டு, நான் வந்து மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லிடேன். நீ சொன்னாத்தான் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடுவானாம்.

— இதுல அவனுக்கு என்ன வந்துச்சு?

— சம்பளம் பேசறப்ப அவன் போட்ட நிபந்தனைதான் இது. பாதிச் சம்பளம் குடுத்தாப் போதும், ஆனா கோச் எங்க வீட்டுக்குப் போய் அப்பாகிட்ட மன்னிப்புக் கேக்கணும்னான். காலேஜுக்கு லாபம்தானே, சரின்னுட்டோம். போடறியா போனு?

— போட்டுட்டேன், இருங்க. ஜமாரி, அப்பா பேசறேன்டா. யாரு, கோச்சா? இல்லையே, இங்க யாரும் வரலை. நீ முழுச் சம்பளத்தையும் கேட்டு வாங்கு.