ஆறாவது உருண்டை

— எத்தனை மணிக்கு எழுந்தீங்க மாமா?

— ஆறு. போர்வைய மடிச்சேன். பல் தேய்ச்சேன். டீ போட்டேன். உன் சட்டைய இஸ்திரி போட்டேன்.

— என் சட்டையா? எதுக்கு?

— கசங்கியிருந்துச்சு.

— இன்னிக்கு லீவு மாமா. எவன் என் சட்டையப் பாக்கப் போறான்... ஆமா, எத்தனை சட்டை போட்டீங்க?

— ஏழு.

— என்கிட்ட இருக்கறதே ஏழுதான்!

— தெரியும். எட்டாவதைத் தேடினேன்.

— அக்கா போயி வருஷம் ஆகப்போகுது. வீட்டுக்குள்ளயே கிடக்காதீங்க, இங்க வந்து நாலு இடம் பாருங்கன்னு கூப்பிட்டா, நீங்க எனக்கு இஸ்திரி போட்டுட்டு... சரி, எங்க போகலாம்? சொல்லுங்க.

— நூல் கடைக்கு.

— ...அக்கா போன கடைங்களா?

— ம். அந்தத் தடவை நாலு நாள்ல ஏழு கடை. இந்த ஊர்ல உங்க அக்கா வேற எதையும் பாக்கல. என்னையும் பாக்க விடல.

— என்னையே எங்க பாத்தா? ரெண்டு வருஷம் கழிச்சு வர்றா, கதவைத் திறக்கறேன், 'என்னடா குரங்கு, இளைச்சுட்ட... இங்க கம்பளி நூல் எங்க கிடைக்கும்?' ஒரே மூச்சுல கேட்டா.

— ஷூவ மாட்டு.

*

— இதுதான் முதல் கடை.

— மாமா, இது செருப்புக் கடை.

— அப்ப நூல் கடை. அந்த ஜன்னல் பக்கம் ஒரு நாற்காலி இருந்துச்சு. எல்லா நூல் கடையிலயும் ஒண்ணு இருக்கும். புருஷன்மார் உக்கார.

— போர்டு போட்டிருப்பாங்களா?

— வேணாம். மூஞ்சியப் பாத்ததும் நாற்காலியக் காட்டிருவாங்க.

— உக்காந்து என்ன பண்ணுவீங்க?

— கூப்பிடுவா. உருண்டைய எடுத்து முதல்ல அவ கழுத்துல தேய்ப்பா. குத்துதான்னு பாக்க. அப்புறம் என் கழுத்துல. கடைக்காரங்க முன்னாடியே.

— அய்யோ... நீங்க என்ன சொல்லுவீங்க?

— குத்துதுன்னு சொல்லுவேன். எதை வச்சாலும். சீக்கிரம் கிளம்பலாமேன்னு.

— நம்பினாளா?

— ஒரு தடவைகூட இல்ல.

— ...அது என்ன பை மாமா? பஸ்லயும் மடியிலயே வச்சிருந்தீங்க.

— உன் ஸ்வெட்டர்.

— முடிச்சிட்டாளா?

— உடம்பு முடிச்சிட்டா. வலது கையும் முடிச்சிட்டா. இடது கை தனியா ஊசியில நிக்குது, பாதியில. மிச்சம் ரெண்டு முழம் நூல்தான் இருக்கு.

— நூல் பத்தாதுன்னு அவளுக்குத் தெரியாதா? எல்லாத்துக்கும் கணக்கு வைப்பாளே.

— ஆறு உருண்டைதான் எடுத்தா. நான்தான் ஒண்ணத் திருப்பி வச்சேன். பெட்டி எடை கூடும்னு.

— விடுங்க மாமா.

— அம்பது கிராம், மாப்ளே.

— எந்தக் கடையில வச்சீங்க?

— கடைசிக் கடையில. அவசரத்துல தப்பான தட்டுல வச்சேன். சிவப்புக்குப் பின்னாடி. அதனால யார் கண்ணுலயும் பட்டிருக்காது. இன்னும் அங்கயே இருக்கும்.

— ரெண்டு வருஷமாவா?

— இருக்கலாம்ல?

— ...இருக்கலாம். வாங்க. நான் பண்ணினதுக்கு நீங்க பண்ணினது ஒண்ணுமே இல்ல. கை அளவு கேட்டு போன் பண்ணினா. 'தொல்லை பண்ணாத, கடையில நூறு கிடைக்குது, எனக்கு உன் ஸ்வெட்டர் வேணாம்'னு கத்திட்டு வச்சேன். அதுக்கப்புறம் ரெண்டு மாசம் பேச்சே இல்ல. அப்படியே...

— பழசு. விடு.

— கோவம் இல்லன்னு சொல்லிட்டுப் போனாளே. அது போதும் மாமா.

— ...ம்.

— என்ன, ம்?

— நில்லு. இந்த வலது கைய மாட்டிப் பாரு.

— நடுத்தெருவிலயா... அட. மணிக்கட்டுல வந்து கரெக்டா நிக்குது! அளவே அனுப்பலையே மாமா?

— 'அந்தக் குரங்குக்குக் கை முழங்கால் வரைக்கும் தொங்கும், எனக்குத் தெரியாதா'ன்னு சொல்லிட்டேதான் பின்னினா.

— ...கழட்டி விடுங்க. எல்லாரும் பாக்கறாங்க.

*

— இந்தக் கடைதான். மணி அதேதான். கதவைத் தள்ளினா ரெண்டு தடவை அடிக்கும்.

— சிவப்பு அங்க இருக்கு, கீழ்த்தட்டு. இருங்க, நான் குனியறேன்... மாமா, சிவப்புக்குப் பின்னாடியும் சிவப்புதான்.

— கைய உள்ள விடு.

— விட்டுட்டேன். சுவரு வந்துருச்சு.

— ...அந்தக் கடைக்காரம்மாகிட்ட இந்த லேபிளைக் காட்டு. கலர் பேர் இல்ல, கீழ ஒரு நம்பர் இருக்கு பாரு. ஒரே தொட்டியில சாயம் ஏத்தினதுக்கு ஒரே நம்பர். அது மாறினா பச்சையும் மாறிடும்.

— பச்சை பச்சைதானே... சரி, முறைக்காதீங்க. கேக்கறேன்.

— என்ன சொல்றாங்க? இவ்வளவு நேரம் பேசற?

— உங்களை ஞாபகம் இருக்காம். நாற்காலியில குறட்டை விட்டவர்னு சொல்றாங்க. அக்கா எங்கன்னு...

— நீ என்ன சொன்ன?

— இந்தத் தடவை வரலன்னு சொன்னேன்.

— ...ம். அவங்க பாஷை உங்க அக்காவுக்குத் தெரியாது, அவ பாஷை அவங்களுக்குத் தெரியாது. ஆனா அரை மணி நேரம் பேசினாங்க. நான் தூங்காம என்ன செய்ய?

— மாமா... அந்த நம்பர் தீந்துருச்சாம். போன வருஷமே. இதுதான் இருக்காம். பாருங்க, அச்சு அசல் அதேதான்.

— ஜன்னல்கிட்ட கொண்டா.

— ...கொஞ்சம் வெளுப்பு.

— கொஞ்சம்.

— இருக்கட்டும் மாமா. அக்கா விட்ட இடத்துல ஒரு கோடு தெரியும், அவ்வளவுதானே? தெரியட்டும். போட்டுக்கறவன் நான். யாரு பின்னப் போறா, இந்தம்மாவா?

— நான்.

— நீங்களா!

— எட்டு மாசமா பழகறேன். மூணு மப்ளர் பின்னினேன். மூணும் இப்ப அடுப்புத் துணி.

— போச்சு, என் கை... மாமா, அந்தம்மா அந்தப் பாதிக் கையைக் கேக்கறாங்க, குடுங்க. வேற ஊசியில மாத்தி எவ்வளவு நூல் வேணும்னு பாக்கறாங்களாம்.

— உருவக் கூடாதுன்னு சொல்லு!

— மெதுவா மாமா...

— ஊசியத் தொடக் கூடாதுன்னு சொல்லு. வரிசைக்கு அம்பத்தாறு கண்ணி. நாப்பத்தி மூணு வரைக்கும் அவ எண்ணியாச்சு.

— சரி, சொல்லிட்டேன். வச்சுட்டாங்க. ...நாப்பத்தி மூணுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

— தெரியும்.

— எப்படி மாமா? அன்னிக்குக் காலையில நீங்க ஆபீஸ் கிளம்பும்போது, 'தம்பி மேல எனக்குக் கோவம் இல்லன்னு சொல்லிடுங்க'ன்னாளாம். அதான் கடைசிப் பேச்சுன்னு போன்ல சொன்னீங்க.

— சொன்னேன்.

— அது பொய்னு எனக்கு அப்பவே தெரியும்.

— ...எப்படி?

— என் வயசு இருபத்தெட்டு. ஒருநாள்கூட என்னைத் தம்பின்னு கூப்பிட்டதில்ல அவ.

— செத்தவ வாயில குரங்குன்னு வர வேணாம்னு நினைச்சேன்.

— அதை வச்சுதான் கண்டுபிடிச்சேன்.

— தெரிஞ்சும் ஒரு வருஷமா ஏன் கேக்கல?

— கேட்டா அதுவும் போயிரும்ல? ...இப்ப சொல்லுங்க. என்ன சொன்னா?

— பெருசா ஒண்ணுமில்ல. அதனாலதான் சொல்லல.

— பரவால்ல.

— ஷூ போட்டுட்டு வாசல்ல நின்னு போயிட்டு வரேன்னேன். ஜன்னலோரமா உக்காந்து உன் இடது கையப் பின்னிட்டிருந்தா. நிமிரல. மறுபடியும் போயிட்டு வரேன்னேன்.

— அதுக்கு?

— 'நாப்பத்தி மூணு... பேசாதீங்க, எண்ணிட்டிருக்கேன்.'