ஒரு விசில் என்றால்

சார், உங்கள் ஷூ லேஸ் அவிழ்ந்திருக்கிறது. தப்பாக நினைக்காதீர்கள், தொழில் பழக்கம். யார் வந்தாலும் என் கண் முதலில் காலுக்குத்தான் போகும். ஒற்றை முடிச்சு போட்டவரை நான் தண்ணீரில் இறக்குவதே இல்லை.

பதினோரு வருடமாக மலையிடுக்கு ஆற்றில் ஆட்களைக் கூட்டிப்போகிறேன். கயிற்றில் தொங்கி இறங்குவது, பாறையில் சறுக்குவது, மடுவில் குதிப்பது. ஆபீஸ் பலகையில் கேன்யனிங் என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். கூட வேலை செய்கிறவர்கள் என்னை 'மாமியார்' என்று கூப்பிடுவார்கள். ஹெல்மெட் வாரைத் தொட்டுப் பார்ப்பேன், இழுத்துப் பார்ப்பேன், மறுபடியும் தொட்டுப் பார்ப்பேன். கூப்பிட்டால் கூப்பிடட்டும். போன வாரம் வரைக்கும் என் குழுவில் ஒருவருக்குப் பல்கூட உடைந்ததில்லை.

அங்கே தண்ணீர்ச் சத்தத்தில் பேச்சு எடுபடாது, எல்லாம் விசில்தான். ஒன்று ஊதினால் நில். இரண்டு ஊதினால் குதி. காரணத்தோடுதான் அப்படி வைத்திருக்கிறோம். இரண்டில் ஒன்று காதில் விழாமல் போனால் ஆள் நிற்பார், அவ்வளவுதான். தலைகீழாக வைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். நான் யோசித்திருக்கிறேன்.

என் தங்கைக்கு இருபத்தெட்டு வயது. அப்பா அம்மா போனபோது ஒன்பது. பள்ளிக்கூடம், காலேஜ், வேலை, எல்லாவற்றுக்கும் நான்தான் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவேன். கல்யாணமும் நான்தான் செய்துவைத்தேன். மாப்பிள்ளைக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. எங்கள் வீட்டு மாடியிலேயே குடியிருக்கச் சம்மதித்தார், அதனால்தான் அவரைப் பிடித்துப்போனது.

நல்ல மனிதர், அதை நான் மறுக்கவில்லை. கவனம்தான் போதாது. அவளுக்கு ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். தெருமுனையில் விழுந்து, முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்து நின்றாள். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள் சார். "விழாம யாரு மச்சான் கத்துக்கிட்டா?" என்று பஞ்சை மருந்தில் நனைத்துக்கொண்டே கேட்கிறார். அன்றைக்கு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

பிறகு அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. பஸ்ஸில் ஒன்பது மணி நேரம். அவள் அழுவாள், போகமாட்டேன் என்பாள் என்று காத்திருந்தேன். அவளோ அட்டைப்பெட்டி வாங்கிவந்து பாத்திரங்களைக் கட்டத் தொடங்கிவிட்டாள்.

"நான் இல்லாம எப்படிம்மா இருப்ப?"

"இருந்துதான் பாக்கறேனே அண்ணா."

திமிராகச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஊரை விட்டுப் போவதற்குள் ஒரு தடவையாவது ஆற்றில் இறங்கிப் பார்க்க வேண்டும் என்று மாப்பிள்ளைக்கு ஆசை. அதுவரை நான் தட்டிக்கழித்துக்கொண்டே வந்தேன். கண்ணாடியைக் கழற்றினால் பத்தடி தள்ளி நிற்கிற ஆளே அவருக்கு மங்கல். கையால் காட்டும் சைகை உதவாது, விசிலை மட்டும்தான் நம்ப வேண்டியிருக்கும். இந்தத் தடவை வாங்க என்று சொல்லிவிட்டேன்.

முந்தின நாள் மத்தியானம், சாமான் அறையில் நிற்கவைத்து ஹெல்மெட் பொருத்திப் பார்த்தேன். ஒரு பழைய விசிலையும் கையில் கொடுத்தேன்.

"ஒரு விசில்னா குதிங்க மாப்ள. ரெண்டுன்னா நில்லுங்க."

"ஒண்ணுன்னா குதி, ரெண்டுன்னா நில்லு. இவ்ளோதானே மச்சான்?"

"இவ்ளோதான்."

மறுநாள் குழுவில் அவரோடு சேர்த்து ஏழு பேர். ஆற்றங்கரையில் விதிமுறைகளைச் சொல்ல வேண்டிய நேரத்தில் அவரை வேனிலிருந்து கயிறு எடுத்துவர அனுப்பினேன். மற்ற ஆறு பேரையும் மூன்று தடவை திருப்பிச் சொல்லவைத்தேன். ஒன்று என்றால் நில்.

முதல் இரண்டு மடுவிலும் கயிற்றில்தான் இறங்கினோம், விசிலுக்கு வேலையில்லை. மூன்றாவது மடுவில் ஒரு மரம் கிடந்தது. வெள்ளத்தில் அடித்துவந்து, தண்ணீருக்கு ஒரு முழம் கீழே சிக்கிக்கொண்டது. மேலிருந்து பார்த்தால் தெரியாது. எனக்கு இரண்டு நாளாகத் தெரியும். வழக்கம்போல நான் முதலில் கயிற்றில் இறங்கி மடுவைச் சோதித்தேன். மேலே பாறை விளிம்பில் மாப்பிள்ளை முதல் ஆளாக நின்றார். சொந்தக்காரர் முதலில் குதித்தால் மற்றவர்களுக்குத் தைரியம் வரும் என்று நான்தான் அங்கே நிறுத்தியிருந்தேன். அவருடைய கண்ணாடி என் பையில் பத்திரமாக இருந்தது. கைகளைத் தலைக்கு மேலே குறுக்காகப் பிடித்து, நில் என்று எல்லோருக்கும் தெரிகிற மாதிரி காட்டினேன். ஒரு விசில் ஊதினேன்.

உடனே குதித்தார். கொஞ்சம்கூடத் தயங்கவில்லை.

ஆறு பேரும் உங்களிடம் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். இவர் நிற்கத்தான் சொன்னார், அந்த மனிதர்தான் கேட்காமல் குதித்துவிட்டார் என்று. நீங்கள்கூட என் தோளைத் தட்டிக்கொடுத்தீர்கள். நான் அழுதேன். அது நடிப்பில்லை சார்.

ஒன்றுதான் எனக்குத் தோன்றாமல் போயிற்று. மாப்பிள்ளை முந்தின நாள் சாயங்காலமே சமையலறையில் முக்காலிமேல் ஏறி நின்று, அவளை விசில் ஊதச் சொல்லிப் பழகியிருக்கிறார். அவள் ஒன்று ஊதினால் குதிப்பாராம். இரண்டு ஊதினால் சிலை மாதிரி நிற்பாராம். சிரித்துச் சிரித்து அவளுக்கு வயிறு வலித்ததாம். இதெல்லாம் நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள், குழுவில் வந்திருந்த ஒரு அம்மா துக்கம் கேட்க வந்தார். "ஒரு விசில் தெளிவா கேட்டுச்சும்மா. உங்க வீட்டுக்காரருக்கு மட்டும் ஏன்தான் புரியலையோ," என்றார். தங்கை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணுன்னா என்ன அண்ணா?"

வீடு நிறைய ஆட்கள். அந்த அம்மாவும் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

"நில்லுன்னு அர்த்தம்மா," என்றேன்.

அவள் எழுந்து, செருப்புகூடப் போடாமல் வெளியே போனாள். பெரிய ரோட்டைத் தனியாகத் தாண்டி இங்கே ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறாள். வண்டிகள் அங்கே எப்படிப் பறக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். திரும்பிப் போகும்போதாவது நீங்கள் யாரையாவது கூட அனுப்பியிருக்கலாம்.

ஆமாம், நான்தான் கொன்றேன். தெரிந்து, திட்டம் போட்டுத்தான் செய்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவள் எங்கே தங்கியிருக்கிறாள் என்று நீங்கள் சொல்ல வேண்டாம். ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு, உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டு, என் பேச்சை எடுத்தாலே மேசையை இழுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுக்கிறாள் என்றீர்களே, அதைக் கேட்க எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா. இப்போதுதான் சார் அவளுக்குக் கவனமாக இருக்கத் தெரிந்திருக்கிறது.