காவேரிக்குப் போன மீன்

ஸ்ரீரங்கம் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். சன்னலோரத்தில் இருந்தவர் மடியில் ஒரு பித்தளைத் தூக்கு.

"கண்டக்டர், கொஞ்சம் மெதுவாப் போகச் சொல்லுங்க. உள்ள மீன் இருக்கு" என்றார் அவர்.

பக்கத்திலிருந்தவர் சிரித்துவிட்டார். "மீன் எதுக்கு, சரோஜா?"

"வீட்டுல எட்டுச் சின்னப் புள்ளைங்களுக்குப் பாடம் சொல்றேன்ல, அக்கா? வாரத்துக்கு ஒரு விஷயம். போன வாரம் மழை, இந்த வாரம் மீன். பாட்டு, படம், எண்ணிக்கை எல்லாம் அதை வச்சே. நேத்து மாடியிலேருந்து வீட்டுக்காரம்மா வந்து பாத்துட்டாங்க. ஆசாரமான வீட்டுல மீனா, ஆத்துல விட்டுடு, இல்லாட்டி பாடத்தையே நிறுத்துங்கறாங்க."

"நீ சும்மாவா இருந்தே?"

"உங்க கூடத்துல தசாவதாரப் படம் மாட்டியிருக்கீங்களே, அதுல முதல்ல என்ன இருக்குன்னு கேட்டேன். 'அது பெருமாள், இது மீன்'ங்கறாங்க! நான் என்ன குழம்பா வச்சேன்? ஜாடியில நீந்திக்கிட்டிருந்துச்சு, அக்கா! அதைக் கேட்டுட்டு, புள்ளைங்க மீனுக்குப் பெருமாள்னே பேர் வச்சிடுச்சுங்க."

"நாளைக்குப் புள்ளைங்க தேடுமே, என்ன சொல்லுவே?"

காவேரிப் பாலத்து நிறுத்தம் வந்தது. அவர் தூக்கை அணைத்துக்கொண்டு எழுந்தார்.

"நான் ஏன் சொல்றேன்? எட்டையும் மாடிக்கு அனுப்பறேன். பெருமாளை எதுக்கு வீட்டை விட்டுத் துரத்துனீங்கன்னு அவங்களையே கேக்கட்டும்."