சாம்பலாற்றுக்கு மாலையில் போகும் வழி

தீவைச் சுற்றிவரக் கிளம்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது கக்கூஸ் எங்கெங்கே இருக்கிறது என்பதைத்தான். அருவியும் எரிமலையும் தானாகவே கண்ணில் படும், கக்கூஸ் படாது. படாதபோது ஜனங்கள் என்ன செய்கிறார்கள் என்று அவர்கள் போன பிறகு பார்க்கிறவன் நான். உள்ளேயே சமைத்துப் படுத்துக்கொள்கிற கேம்பர் வேனை வாடகைக்கு விடுகிறவனுக்கு மனிதர்களைப் பற்றித் தெரிந்ததில் பாதி நம் பாதிரியாருக்குத் தெரியாது, எய்டிஸ்.

நீ போலீஸ்காரி ஆனாலும் பக்கத்துப் பண்ணைக் குழந்தையாக இருந்தவள், அதனால் நீ என்றே பேசுகிறேன். நீயும் நானும் தொண்டு செய்கிற மீட்புப் படை எனக்கு ஒரு பாராட்டுப் பட்டயம் கொடுக்கப் போகிறது, அதற்காக நடந்ததை என் வாயால் கேட்டு எழுதிக்கொள்ள வந்திருக்கிறாய். சாம்பலாற்றில் பிராகியின் வேன் கவிழ்ந்ததும், அவன் பிழைத்ததும், அவன் மனைவி ஸ்வாலா செத்ததும் ஊருக்கே தெரியும். எனக்கு மட்டும் தெரிந்ததைச் சொல்கிறேன். காபியை ஆறவிடாதே.

திரும்பி வரும் வேன்களை நானேதான் கழுவுகிறேன், கையுறை போட்டுக்கொண்டு. வேலைக்கு ஆள் வைத்துப் பார்த்தேன், ஒரு வாரம் தாங்கவில்லை. மெத்தைக்கு அடியில் புளித்துப்போன சாசேஜ். பாத்திரம் கழுவும் தொட்டியில் யாருடையதோ கால் நகம். வேன் கக்கூஸின் கழிவுப் பெட்டியைத் திறந்தால் என்ன இருக்கும் என்று சாப்பாட்டு மேசையில் பேச எனக்கு விருப்பமில்லை. இவ்வளவையும் செய்கிறவர்கள் முன்பக்கத்தில் சிரித்தபடி படம் எடுத்துக்கொண்டு, எங்கள் தீவு எவ்வளவு தூய்மை என்று எழுதுகிறார்கள்.

வெளியூர்க்காரர்களை நான் மன்னித்துவிடுவேன். பிராகி என்னோடு பள்ளியில் படித்தவன். இந்த ஊரில் பிறந்து, தலைநகர் ரெய்க்யாவிக் போய்ப் பல் மருத்துவன் ஆனவன். ஊரார் வாய்க்குள் விரல் விட்டுச் சம்பாதிக்கிற தொழில். அது கௌரவமான தொழில்தான், நான் குறை சொல்லவில்லை.

போன வருஷக் கோடையில் அவனும் ஸ்வாலாவும் என் வேனை எடுத்துக்கொண்டு போனார்கள். கடைசி இரவை என் மேட்டுப் புல்வெளியில் கழித்திருக்கிறார்கள். பாசியின் மேலேயே ஓட்டிப்போயிருக்கிறான். அந்தச் சக்கரத் தடம் மறைய ஒரு மனுஷ ஆயுசு ஆகும் என்பது இங்கே பிறந்த எல்லோருக்கும் தெரியும். அதைக்கூட விட்டுவிடலாம். அங்கே ஒரு ஊற்று இருக்கிறது. வேலி பார்க்கப் போகும்போதெல்லாம் அதில்தான் குனிந்து வாயை வைத்துக் குடிப்பேன். அவர்கள் கிளம்பிப்போன காலையிலும் குடித்தேன். இரண்டாவது வாய் விழுங்கின பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். ஊற்றுக் கண்ணுக்குப் பக்கத்தில் கழிவுப் பெட்டியைக் கவிழ்த்திருந்தான். காகிதம் தண்ணீரில் கரைந்து, நூல் நூலாக என் பக்கம் வந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து நாக்கைச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். ரத்தம் வந்தது. அதன் பிறகும் தேய்த்தேன்.

வேனைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது கேட்டேன். அவன் வெட்கப்படவே இல்லை.

“பெட்டி ரொம்பிப்போச்சுடா ஸ்டெய்னார். என்ன பண்ணச் சொல்றே, தலைல சுமந்துட்டு வரவா?”

“நான் அதைக் குடிச்சிருக்கேன் பிராகி.”

“ஆட்டுப் புழுக்கை ஊறுன தண்ணியக் குடிச்சு வளந்தவன்தானே நீ. உனக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது.”

அதோடு விட்டானா? அன்று சாயங்காலம் ஊரே கூடிப் பேசுகிற நீச்சல் குளத்து வெந்நீர்த் தொட்டியில் போய் உட்கார்ந்துகொண்டு, “நம்ம ஸ்டெய்னார் என்னைக் குடிச்சிட்டான்” என்று சொல்லியிருக்கிறான். தொட்டியில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள், பாதிரியார் உட்பட. அவன் ஊருக்குப் போய்விட்டான், சிரிப்பு இங்கேயே தங்கிவிட்டது. குளிர்காலம் முழுக்க நான் தொட்டியில் இறங்கும்போதெல்லாம் யாராவது ஒருவர், “தாகமா இருக்கா ஸ்டெய்னார்?” என்பார். நீயும் ஒருமுறை கேட்டாய், எய்டிஸ். பரவாயில்லை. கேலி என்று எனக்குத் தெரியும்.

நியாயமாகச் சொல்ல வேண்டும், ஸ்வாலா அப்படிப்பட்டவள் அல்ல. மறுநாள், ஊருக்குக் கிளம்புமுன், அவள் மட்டும் தனியாக வந்து, மண்வெட்டியும் பைகளும் வாங்கிக்கொண்டு போய் ஊற்றைச் சுத்தம் செய்தாள். திரும்பி வரும்போது கண் சிவந்திருந்தது. “மன்னிச்சுக்குங்க, அவர் எதையுமே யோசிக்கிறதில்ல” என்றாள். அவள் வீட்டில் செய்த ருபார்ப் ஜாம் ஒரு பாட்டில் கொடுத்தாள். அதோ, அந்த அலமாரியில் இருக்கிறது. நான் திறக்கவில்லை. யார் யார் கை பட்டுக் கிண்டியதோ, யார் நக்கின கரண்டியோ.

இந்தக் கோடையில் பிராகி மறுபடி வந்தான். கல்யாண நாளுக்காகத் தீவை முழுசாகச் சுற்றிவரப் போகிறார்களாம், உள்மலைப் பாதைகளையும் பார்த்துவிட வேண்டுமாம். இதே மேசையில் வரைபடத்தை விரித்து உட்கார்ந்தோம். நீ உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான் ஸ்வாலா இருந்தாள்.

நான் நல்ல பயணம்தான் போட்டுக் கொடுத்தேன். இப்போதும் யாரிடமாவது காட்டிக் கேட்டுப் பார். நாலு சக்கரமும் இழுக்கிற என் சிறந்த வேனைக் கொடுத்தேன், முந்தின நாள் இண்டு இடுக்கெல்லாம் பல்துலக்கியால் தேய்த்த வேன். சாம்பலாற்றைக் கடக்க வேண்டிய நாளைத்தான் மிகவும் யோசித்துப் போட்டேன். காலையில் அவசரப்படாமல் எழுந்திருங்கள் என்றேன். வழியில் ஒரு ரொட்டிக்கடை சொன்னேன், அங்கே இலவங்கப்பட்டை ரொட்டி மத்தியானத்துக்கு முன் அடுப்பை விட்டு வெளியே வராது. அதன் பிறகு ஒரு வெந்நீர்ச் சுனை சொன்னேன், அதில் இறங்கினவர்கள் யாரும் சீக்கிரம் ஏறினதில்லை. வெயில் தொடர்ந்து அடிக்கும் வாரமாகப் பார்த்து நாளையும் குறித்துக் கொடுத்தேன். மழையில் மலை பார்க்க யாருக்குத்தான் பிடிக்கும்?

பனிமலையிலிருந்து வரும் ஆறு எப்படிப்பட்டது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலையில் கணுக்காலைத் தொடும். பகல் வெயிலில் பனி உருகி, சாயங்காலம் மார்பைத் தொடும். தண்ணீர் சாம்பல் கரைத்தது போல இருக்கும், அடி தெரியாது. இறங்கி நடந்து ஆழம் பார்த்த பிறகே வண்டியை விட வேண்டும். அதையெல்லாம் வெளியூர்க்காரர்களுக்கு நான் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுப்பேன். இந்த ஊரில் பிறந்தவனுக்குச் சொன்னால் அவமானப்படுத்தின மாதிரி ஆகிவிடும். பிராகிக்கோ ஆற்றைப் பற்றிக் கேட்பதே மானக்கேடு.

கேட்டது ஸ்வாலாதான். “ஆத்தைக் காலைலதான் கடக்கணும்னு எங்கயோ படிச்சேனே?”

“படிச்சாளாம்” என்று சிரித்தான் பிராகி. “எம்மா, நான் இந்த ஊர்ல பொறந்தவன். புத்தகத்தைப் பாத்து ஆத்துல இறங்குற ஆளு நான் இல்ல.”

அவள் அவனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் அவள் கோப்பையில் காபி ஊற்றினேன்.

“பிராகி இந்த ஊர்க்காரன்தானே” என்றேன்.

இதில் எங்கேயாவது ஒரு பொய் இருந்தால் காட்டு.

அவன் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அவன் ஒரு வாய் குடிக்க வேண்டும் என்று நினைத்தேன். அந்தச் சாம்பல் தண்ணீரை, வாய் கொள்ளாமல். அதன் பிறகு கூரை மேல் ஏறி உட்கார்ந்து நடுங்கியபடி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். நான் போய் இறக்கிவிடுவேன். மறுநாள் வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்து, “தாகம் தீந்துச்சா பிராகி?” என்று கேட்பேன். இதில் தப்பு ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அழைப்பு வந்தவுடன் என் வண்டிதான் முதலில் போனது என்று படையில் எல்லோரும் வியந்தீர்கள். மத்தியானத்திலிருந்தே நான் பூட்ஸைப் போட்டுக்கொண்டு, கயிற்றை வண்டியில் ஏற்றிவைத்து, வீட்டு வாசலில் நின்றிருந்தேன்.

மற்றது நீயும் பார்த்தாய். வேன் ஒருக்களித்துக் கிடந்தது. அவன் அதன் மேல் தொற்றிக்கொண்டு அலறினான், படை முழுக்க அவனிடம் போனது. ஸ்வாலாவை ஆறு இழுத்துக்கொண்டு போய்க் கீழே சரளைத் திட்டில் போட்டிருந்தது. நான் கயிறு கட்டிக்கொண்டு திட்டுக்கு நடந்தேன். கரையில் கயிற்றைப் பிடித்திருந்தது நீதான். உனக்கு என் முதுகு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

நாடி இருந்தது. கழுத்தில் விரலை வைத்தவுடனே கிடைத்தது, எனக்கே ஆச்சரியம். மூச்சு மட்டும் இல்லை. என்ன செய்ய வேண்டும் என்று உங்கள் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தவனே நான்தான். பிளாஸ்டிக் பொம்மையை வைத்துக்கொண்டு, ஒவ்வொருவர் ஊதி முடித்ததும் அதன் வாயை மருந்து போட்டுத் துடைத்துத் துடைத்துக் கொடுப்பேனே, அந்த வகுப்பு. வாயோடு வாய் படாமல் ஊத இடையில் வைக்கும் தடுப்பு என் பையில் இருந்தது. பை வண்டியில் இருந்தது.

அவள் வாயைத் திறந்தேன். சாம்பல் சேறு. அதை விரலால் வழித்து எறிந்தேன். சேற்றுக்குப் பின்னால் வாந்தி வந்தது. இலவங்கப்பட்டை வாசனை அடித்தது, நான் சொன்ன கடையின் ரொட்டி. மறுபடி வழித்தேன். மறுபடி வந்தது. நான் குனிந்தேன். இவ்வளவு கிட்டத்தில் அவள் உதடும் என் உதடும். எனக்கு அந்த ஊற்று ஞாபகம் வந்தது.

முடியவில்லை என்று சொல்லலாம். ஆனால் நீ உண்மையை எழுத வந்திருக்கிறாய். முடியும். எனக்குப் பிடிக்கவில்லை.

குனிந்தபடியே இருந்தேன். நீ கரையிலிருந்து, “ஊதுங்க ஸ்டெய்னார், விடாதீங்க” என்று கத்திக்கொண்டிருந்தாய். நான் விரலைக் கழுத்திலிருந்து எடுக்கவில்லை. நாடி நின்ற பிறகுதான் எடுத்தேன். அதற்கப்புறம் நெஞ்சை அழுத்தினேன், நீ கத்துகிறாயே என்று. பிறகு ஆற்றில் கை கழுவினேன்.

இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருக்கவும் மாட்டார்கள். வரைபடத்தில் விரலால் காட்டினதற்குச் சாட்சி ஏது? நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் பிராகி கரையிலேயே என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். “உன் மூச்சையே அவளுக்குக் குடுத்தியேடா” என்று அழுதான். மூக்குச் சளியும் கண்ணீரும் என் சட்டையெல்லாம். கன்னத்தில் முத்தம் வேறு கொடுத்தான், அந்த ஈரத்தோடு. சட்டையை எரித்துவிட்டேன். இறுதிச் சடங்கில் பாதிரியாரும் நான் என் மூச்சைக் கொடுத்ததாகவே சொன்னார். இப்போது வெந்நீர்த் தொட்டியில் யாரும் தாகத்தைப் பற்றிக் கேட்பதில்லை. நான் இறங்கினால் பேச்சை நிறுத்திவிட்டு, மரியாதையாக, கண் கலங்கி, என் வாயைப் பார்க்கிறார்கள்.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நேற்று நீ தொலைபேசியில் பட்டயத்து வாசகத்தைப் படித்துக் காட்டினாயே, வாயோடு வாய் வைத்து, கடைசி நொடி வரை தன் மூச்சைக் கொடுத்தவர் என்று? நீ படித்து முடிப்பதற்குள் நான் போனை வைத்துவிட்டேன். போய் நாக்கைத் தேய்த்தேன். மறுபடி ரத்தம் வந்தது.

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டாய்? எழுது. காலையில் கடக்க வேண்டிய ஆற்றுக்கு அவர்களை மாலையில் அனுப்பினேன் என்று வேண்டுமானால் எழுதிக்கொள். நாடி இருந்தது என்பதையும் எழுதிக்கொள், நான் மறுக்கமாட்டேன், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்த வரியை அடித்துவிடு. என் வாய் அவள் வாயில் படவே இல்லை, எய்டிஸ். அது என்மேல் சுமத்தின வீண்பழி.