அசையாத தொட்டி

இட்லிப்பூச் செடிக்குத் தொட்டி மாற்றுவதென்றால் ஆடி பிறந்து நாலு தூறல் விழுந்த பிறகுதான் மாற்ற வேண்டும். சித்திரை வெயிலில் மாற்றிவிட்டு, சோணைமுத்து கொடுத்த செடி பட்டுப்போச்சு என்று என் தலையில் பழி போட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். நடந்ததை எழுதிக் கொடு என்று ஊர்க்கூட்டத்தில் சொன்னீர்கள். எனக்குச் செடியிலிருந்து தொடங்கினால்தான் எழுத வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செல்லூரில் வைகைக் கரையை ஒட்டி என் செடித்தோட்டம். முன்னூறு தொட்டி. பங்களாக்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து வாங்குவார்கள். பேர் எனக்கு, கை என் தங்கை ஒச்சாயிக்கு. நான் தொட்டி மாற்றினால் பத்துக்கு நாலு பட்டுப்போகும். அவள் அடித்துவாரத்தில் ஓட்டுச்சில்லை வைத்து, செம்மண்ணும் ஆற்றுமணலும் ஆட்டுப்புழுக்கையும் கலந்து போட்டு, செடியை நிறுத்தி இரண்டு தட்டு தட்டினால் போதும், பத்தாம் நாள் தளிர்த்துவிடும். கைராசி என்பார்கள். அது கடையில் விற்கிற சாமான் இல்லை.

அவளை விருமாண்டிக்குக் கட்டிக் கொடுத்தோம். தாய் தகப்பன் இல்லாதவன், தங்கமான பையன், எங்கள் வீட்டோடேதான் இருந்தான். கல்யாணமான ஆறாம் மாதம் ரங்கூனில் அரிசி ஆலை வேலை கிடைத்துப் புறப்பட்டான். போகிற அன்று ஓர் இட்லிப்பூ நாற்றைத் தொட்டியில் வைத்து அவள் கையில் கொடுத்தான். கொஞ்சம் ஆழமாக வைத்துவிட்டான். நான் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை.

மறு வருஷம், முப்பத்துநாலில், கடுதாசி வந்தது. வீடு பார்த்தாயிற்று மச்சான், ஒச்சாயியைக் கப்பலேற்றிவிடுங்கள் என்று எழுதியிருந்தான். எங்கள் வீட்டில் எழுத்துத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். வாசலில் நின்று படித்தேன். தோட்டத்துக்குள் முன்னூறு தொட்டியும் மாற்றுவதற்குக் காத்திருந்தன.

சாவுக் கடுதாசியை நாம் யாரும் வீட்டுக்குள் கொண்டுபோவதில்லை. நின்ற இடத்திலேயே படித்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிடுவோம். நான் கிழித்தேன். அவ்வளவுதான் செய்தேன். ஒச்சாயி அதைப் பார்த்துவிட்டு, "யாருண்ணே?" என்று கேட்டாள். தலையைக் குனிந்துகொண்டேன். மற்றதை அவளே புரிந்துகொண்டாள். பிறகு கேட்டவர்களுக்குக் காய்ச்சல் என்றேன். காய்ச்சல் எல்லோருக்கும் வருவதுதானே. ரங்கூனுக்கும் ஒரு கார்டு எழுதி, சாவுக் கடுதாசிக்குத் தடவுகிற மாதிரி ஓரத்தில் கரி தடவிப் போட்டேன். ஒச்சாயிக்கும் காய்ச்சல் என்றுதான் எழுதினேன். அவசரத்தில் வேறு வியாதி தோன்றவில்லை.

தாலி இறக்கிய அன்று பிறந்த வீட்டுக் கோடி நான்தான் போட வேண்டும். சிம்மக்கல்லில் நாலு கடை ஏறி இறங்கி, கெட்டி நூலில் வெள்ளைச் சேலை எடுத்தேன். எட்டு வருஷம் உழைத்தது. மட்டமான துணியைத் தங்கைக்குப் போடுகிறவன் நான் இல்லை.

ஒரு சங்கடம் இருந்தது. தாலி இல்லாதவள் கையால் வைத்த பூச்செடியை வாங்கச் சில பேர் தயங்கினார்கள். எல்லாம் நான் வைத்தது என்று சொல்லிவிட்டேன். நம் சனத்தில் அறுத்துக் கட்டுவது உண்டென்று இரண்டு இடத்திலிருந்து அவளைப் பெண் கேட்டும் வந்தார்கள். காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். கட்டியவன் உயிரோடு இருக்கும்போது இன்னொருவனுக்குக் கட்டி வைப்பது மகா பாவம். அந்தப் பாவத்தை நான் செய்யவில்லை என்பதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

தொட்டிச் செடியில் முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு தரம் தொட்டியைத் தூக்கித் திருப்பி வைக்க வேண்டும். இல்லையென்றால் அடித்துவாரம் வழியாக வேர் இறங்கித் தரையைப் பிடித்துக்கொள்ளும். ஒச்சாயி எல்லாத் தொட்டியையும் திருப்புவாள், விருமாண்டி கொடுத்ததைத் தவிர. முதல் வருஷமே அதைப் பெரிய தொட்டிக்கு மாற்றியிருந்தாள். தாலி இறங்கிய பிறகு அதைத் தூக்கவும் இல்லை, என்னைத் தொட விடவும் இல்லை. "அது பாட்டுக்குக் கெடக்கட்டும்ணே" என்பாள். பாவமாக இருந்தது, விட்டுவிட்டேன். இந்த விஷயத்தில் நான் செய்த ஒரே தவறு அதுதான்.

நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு போட்டு ரங்கூனே காலியானது. ஆடி மாதம் ஒரு மத்தியானம் விருமாண்டி தோட்டத்து வாசலில் வந்து நின்றான். காடு மலையெல்லாம் நடந்தே வந்த கால், வீங்கிக் கிடந்தது. ஒச்சாயி கோரிப்பாளையத்தில் நூருல் அமீன் பாய் வீட்டுக்குத் தொட்டி மாற்றப் போயிருந்தாள். பொழுது சாய்ந்துதான் வருவாள். உட்காரவைத்து மோர் கொடுத்தேன்.

"கடைசியா என்ன சொன்னா மச்சான்?"

"ஒண்ணும் சொல்லல மாப்ள. செரமமில்லாமப் போயிட்டா."

அவன் அழுதான். எனக்கும் கண் கலங்கியது. மனுஷன்தானே.

"நான் வச்சுக் குடுத்த செடி இருக்கா?"

இருந்தது, இடுப்பு உயரம், கொத்துக் கொத்தாகச் சிவந்து.

"அத மட்டும் குடுங்க மச்சான். எடுத்துக்கிட்டுப் போறேன்."

இதற்கென்ன என்று தொட்டியைப் பிடித்துத் தூக்கினேன். அசையவில்லை. திருகினேன். பாறையில் பதித்த மாதிரி நின்றது. வேறு தொட்டி நாலு தருகிறேன் மாப்ள என்றேன். கேட்கவில்லை. கடப்பாரையை எடுத்தேன்.

"ஒடச்சிராதீக மச்சான், வேரு அந்துரும்" என்று தடுத்துவிட்டு, அவனே உட்கார்ந்து தொட்டியடியில் விரலால் மண்ணைப் பறிக்க ஆரம்பித்தான். இம்புட்டு இம்புட்டாகப் பறித்தான். அவனை அவசரப்படுத்தவும் முடியவில்லை. என்ன காரணம் சொல்வது?

பாய் வீட்டில் அன்று வேலை குறைவாம். வெயில் இறங்குமுன்பே ஒச்சாயி கூடையோடு வந்துவிட்டாள். முதலில் அவன் முதுகுதான் தெரிந்தது.

"யாருய்யா அது? அந்தத் தொட்டியத் தொடாதீக."

அவன் திரும்பினான். வெள்ளைச் சேலையைப் பார்த்தான், கழுத்தைப் பார்த்தான்.

"யாரு செத்ததுக்கு இது ஒச்சாயி?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு அரிவாளை எடுத்து வந்து, தொட்டியைச் சாய்க்கச் சொல்லி, அடிவேரை ஒரே வெட்டாக வெட்டினாள். பக்கத்து வீட்டில் ஒரு ஊதாச் சேலை வாங்கிக் கட்டிக்கொண்டாள். ஒரு மாட்டுவண்டி பிடித்து, தொட்டியை ஏற்றிக்கொண்டு இருவரும் போய்விட்டார்கள். போகும்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு வருத்தம்.

எட்டு வருஷம் நான் அவளை ஒரு வேளை பட்டினி போட்டதில்லை, கை நீட்டி அடித்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். தோட்டத்தில் இப்போது பாதித் தொட்டி காய்ந்து கிடக்கிறது. வேர் அறுபட்ட செடி பத்து நாள் வாடத்தான் செய்யும், பிறகு தானே நிமிரும். அவள் போய் நாற்பது நாளாகிறது. கோபம் ஆறினால் வந்துவிடுவாள். அவள் அவிழ்த்துப் போட்டுவிட்டுப் போன வெள்ளைச் சேலையைத் துவைத்து, நீலம் போட்டு, மடித்து வைத்திருக்கிறேன்.